கொழும்பு – திருகோணமலை 49 இரவு பஸ்: சீற் பரவாயில்லை, வழியில் மாறுவது மரியாதைதான்

49ஆம் இலக்க பஸ்ஸைப் பற்றி யாரிடம் கேட்டாலும் மூன்று விஷயம்தான் சொல்வார்கள். ஏசி வேலை செய்ததா, சீற் சாய்ந்ததா, விடிய எத்தனை மணிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்தப் பாதையில் நடக்கிற வாய்த்தர்க்கங்களைக் கவனித்தால் ஏசியால் தொடங்குபவை குறைவு. "என்ன மாதிரிக் கதைக்கிறார் பாருங்க" என்பதில் தொடங்குபவைதான் கூட. கொழும்பில் பத்து வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வருகிறவருக்குப் பக்கத்துச் சீற் அம்மா கேட்கிற கேள்வி அத்துமீறலாகப் படுகிறது. அந்த அம்மாவுக்கோ, காதில் வயரைச் சொருகிக்கொண்டு ஆறு மணித்தியாலம் வாய் திறக்காமல் வருகிற பிள்ளை பெருமை பிடித்ததாகத் தெரிகிறது. இருவரும் அவரவர் இருக்கும் இடத்து வழக்கப்படி மரியாதையாகத்தான் நடக்கிறார்கள். சுமார் 260 கிலோமீற்றருக்குள் அந்த இரண்டு வழக்கமும் ஒரே தகரக் கூட்டுக்குள் அடைபட்டுப் போவதுதான் சிக்கல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தனியாக வருகிற பெண்ணுக்கும், முழங்கால் வருத்தத்தோடு வருகிற வயதானவருக்கும் இந்த இரவு பஸ்ஸைத் தயங்காமல் சொல்லலாம். நித்திரை வேண்டும் என்பவருக்கு அவ்வளவாகச் சொல்ல முடியாது. 10க்கு 7. கழிந்த 3இல் ஒன்று சீற் பதிவுக்கு, ஒன்று நடுவழிக் கடைக்கு, ஒன்று நடுச்சாமத்தில் எல்லா லைட்டையும் ஒரேயடியாகப் போடுகிற பழக்கத்துக்கு.

பஸ் மூன்று விதம். சாதாரண பஸ்ஸில் ஒருபக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று சீற். எஞ்சின் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். அந்த மூடியின் மேல் ஆள் இருந்தால் கால் சுடும். அரைச்சொகுசு என்று ஓடுபவற்றில் திரைச்சீலையும் கொஞ்சம் தடித்த சீற்றும் இருக்கும், நின்று வருகிற ஆட்கள் இருக்கக்கூடாது என்பது கணக்கு. ஏசி பஸ்ஸில் இரண்டு இரண்டாகச் சீற், சாயும். மூன்றும் அம்பேபுஸ்ஸவில் ஏ6 வீதியைப் பிடித்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத்தான் வருகின்றன. இரவில் ஆறிலிருந்து ஏழு மணித்தியாலம். பின் சில்லுக்கு மேலே உள்ள சீற்றில் கால் நீட்ட இடம் இருக்காது, கடைசி வரிசை தூக்கிப் போடும். நடுவில் நான்காவது, ஐந்தாவது வரிசை கிடைத்தால் விடவேண்டாம். பகலில் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: கொழும்பிலிருந்து வரும்போது காலை வெயில் வலப்பக்கம், பின்னேர வெயில் இடப்பக்கம். திருகோணமலையிலிருந்து போகும்போது அது தலைகீழ்.

சீற் பதிவு செய்யும்போது இலக்கத்தோடு நிறுத்தாமல், "பக்கத்துச் சீற் யாருக்குக் குடுத்திருக்கு?" என்று கேட்கவேண்டும். பெண்ணுக்குப் பக்கத்தில் பெண் என்பது எழுதப்படாத விதி. இரவு பஸ் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் போடுவார்கள், ஆனால் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துப் போடுவதால் பிழைக்கும். தொலைபேசியில் பதிந்தது ஒரு கொப்பியிலும் இணையத்தில் பதிந்தது இன்னொரு பட்டியலிலும் இருந்தால் ஒரே சீற் இரண்டு பேருக்குப் போகும். அப்படி நடந்தால் கொழும்புப் புறக்கோட்டை நிலையத்திலேயே, பஸ் கிளம்புமுன், பதிவுச் செய்தியைக் காட்டித் தீர்த்துக்கொள்ளவேண்டும். கிளம்பிய பின் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்ற ஒரு பதில்தான் கிடைக்கும். அந்த வார்த்தையைச் சொல்லும் விதத்தில் கொண்டக்டரின் தரம் தெரிந்துவிடும். நல்லவர் முதலில் வயது போனவரை இருத்திவிட்டு வந்து கதைப்பார்.

புறக்கோட்டையில் கொண்டக்டர் வாயில் ஒற்றைச் சொற்கள்தான். "எங்க?" "எத்தன பேர்?" "பின்னால." இதைக் கேட்டு முகம் சுழிக்கிறவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். பத்து நிமிடத்துக்குள் ஐம்பது பேரை ஏற்றி, பொதிகளைக் கீழே அடுக்கி, இடத்தைக் காலி செய்யச் சொல்லி விசில் ஊதுகிறவனுக்கும் பதில் சொல்கிற மனிதர் ஒவ்வொருவரிடமும் சுகம் விசாரிக்க முடியாது. நகரத்து ஆள் ஏன் சுருக்கமாகப் பேசுகிறான் என்பதற்கு ஸ்டான்லி மில்கிரம் என்ற உளவியலாளர் 1970இல் கொடுத்த விளக்கமும் இதுதான். தாங்க முடியாத அளவு ஆட்களும் சத்தமும் வந்து மோதும்போது, மனிதன் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற நேரத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான். புறக்கோட்டையில் ஒரு பின்னேரம் நின்றால் இதற்கு ஆய்வே தேவையில்லை.

ஆனால் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதில் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. கொழும்பு பஸ்களில் இப்போது எல்லோருக்கும் பொதுவாக "பொஸ்" என்ற சொல் ஓடுகிறது. வயது பார்க்கவேண்டியதில்லை, மொழி பார்க்கவேண்டியதில்லை, உறவு கொண்டாடவேண்டியதில்லை. நகரத்துக்கென்றே செய்த சொல். இளம் பெடியனுக்கு அது உறைக்காது. அறுபது வயது ஆளைப் பார்த்து "பொஸ், தள்ளி நில்லுங்க" என்றால் அவர் திருகோணமலை வரை அதையே மென்றுகொண்டு வருவார்.

உறவுமுறைச் சொற்களில் இந்தப் பாதைக்கே உரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. "ஐயா" என்றால் தமிழில் பெரியவர். அதே ஒலி சிங்களத்தில் அண்ணன். எழுபது வயதுத் தமிழ்ப் பெரியவர் இருபத்தைந்து வயதுச் சிங்களக் கொண்டக்டரை மரியாதையாக "ஐயா, மிச்சம்" என்றால், தாத்தா வயதில் இருப்பவர் தன்னை அண்ணன் என்கிறாரே என்று அவருக்குச் சிரிப்பு வரும். திருப்பி அந்தப் பெடியன் நாற்பது வயதுத் தமிழரை "அய்யா" என்றால், இவருக்குக் கிடைக்கவேண்டியதைவிடக் கூடுதலான மரியாதை கிடைத்த மாதிரி இருக்கும். "தாத்தா" இன்னும் மோசம். தமிழருக்குப் பாட்டன், சிங்களவருக்கு அப்பா, முஸ்லிம் வீடுகள் பலவற்றில் அக்கா. கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை ஒன்று பின் சீற்றைப் பார்த்து "தாத்தா" என்று கத்தினால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பிழைக்காத சொற்கள் சில உண்டு: அக்கா, அம்மா இரண்டும் இரு மொழியிலும் ஒரே பொருள். இளைய ஆணுக்குச் சிங்களத்தில் "மல்லி", தமிழில் "தம்பி". முஸ்லிம் அண்ணனுக்கு "நானா". "மச்சான்" இரண்டு மொழிக்கும் பொதுதான், ஆனால் அது சம வயதுக்காரருக்கு. கொண்டக்டர் பயணியிடம் பாவிக்கிற சொல் இல்லை. இந்தப் பாதையில் தேறிய கொண்டக்டர்கள் ஆளின் முகத்தைப் பார்த்து ஒரு நொடியில் இந்தச் சொற்களை மாற்றிப் போடுவதைப் பார்ப்பதே ஒரு அழகு. அந்தத் திறமைக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கலாம்.

இனிப் பக்கத்துச் சீற். கேள்விகள் ஒரு ஒழுங்கில்தான் வரும். எங்க இறங்குறீங்க? சொந்த இடமே திருகோணமலையோ? எந்தப் பக்கம், உவர்மலையோ, உப்புவெளியோ? அங்க யாருட ஆக்கள்? கொழும்பில என்ன வேலை? அதற்குப் பிறகு கல்யாணம். பழைய ஆட்கள் முதல் கேள்வியைக்கூட நேராகக் கேட்கமாட்டார்கள். புறப்படுகிறவரைப் பார்த்து "எங்க போறீங்க" என்றால் போகிற காரியம் பிழைத்துவிடும் என்ற எண்ணத்தில் "தூரப் பயணமோ?" என்றுதான் தொடங்குவார்கள். கேட்கத்தான் வேண்டும், ஆனால் கெடுதல் வராமல் கேட்கவேண்டும் என்ற கவனம் அதில் இருக்கிறது. காதில் வயர் சொருகியிருக்கிற பிள்ளைக்கு இது விளங்காது.

மரியாதையைப் பற்றி மொழியியலில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிற ஆய்வு பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ், கோயம்புத்தூர் மாவட்டக் கிராமத்தில் பேசப்பட்ட தமிழ். அவர்கள் பிரித்துக் காட்டியதை நம் பேச்சில் சொன்னால், கிட்ட வருகிற மரியாதை ஒன்று, விலகி நிற்கிற மரியாதை ஒன்று. "நீங்க எங்கட ஆள்" என்று காட்டுவது முதலாவது. "உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன்" என்று காட்டுவது இரண்டாவது. எந்த ஊரிலும் இரண்டும் இருக்கும், கலக்கும் அளவுதான் வேறு. கொழும்புத் தொடர்மாடியில் மேல் வீட்டுக்காரர் யார் என்று தெரியாமல் வருடக்கணக்காக இருப்பது இரண்டாவது வகை முற்றியது. திருகோணமலையில் ஒழுங்கை வாசலில் புது மோட்டார் சைக்கிள் நின்றால் "யார் வந்திருக்கிறது?" என்று நான்கு வீடு விசாரிப்பது முதலாவது வகை முற்றியது.

பஸ்ஸுக்குள் கேள்வி கேட்கிற பழக்கத்துக்கு ஒரு பயனும் உண்டு. எங்கே இறங்குவீர்கள் என்று தெரிந்த பக்கத்துச் சீற் ஆள்தான் நீங்கள் நித்திரையாகிவிட்டால் எழுப்புவார். நடுவழிக் கடையில் நீங்கள் இன்னும் ஏறவில்லை என்று கத்துகிறவரும் அவரே. ஆகவே முதல் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவது நல்லது. மூன்றாவது வருமுன் திருப்பி ஒரு கேள்வி கேட்கலாம்: "உப்புவெளிப் பக்கம் அம்மா. நீங்க?" அவர் சொல்லி முடித்ததும், "நான் கொஞ்சம் கண்ணயரப் போறன், தம்பலகாமம் வந்தா எழுப்பிவிடுவீங்களோ?" என்றால் போதும். விசாரணை அங்கே நிற்கும், அவருக்கும் மனவருத்தம் இல்லை, கையில் ஒரு பொறுப்புக் கிடைத்துவிட்டது. சொன்னபடி தம்பலகாமம் சந்தியில் தட்டி எழுப்புவார். இதே இடத்தில் "சொறி, டயர்ட்" என்று ஆங்கிலத்தில் முறித்தால் அந்த அம்மா அடுத்த வரிசை அம்மாவோடு கதைக்கத் தொடங்குவார், விஷயம் நீங்களாகவே இருப்பீர்கள்.

திரைச்சீலை, சாயும் சீற், போன் இவை மூன்றுக்கும் அதிகம் எழுதத் தேவையில்லை. ஒரு ஜன்னல் பெரும்பாலும் இரண்டு வரிசைக்குப் பொதுவானது, இழுக்குமுன் பின்னால் ஒரு பார்வை பார்க்கவேண்டும். சீற்றைச் சாய்க்குமுன் பின்னால் இருப்பவரின் முழங்கால் எங்கே என்று பார்க்கவேண்டும். சாப்பாட்டுப் பார்சல் விரித்து வைத்திருந்தால் பொறுக்கவேண்டும். போனில் வீடியோ சத்தமாக ஓடினால், "தம்பி, கொஞ்சம் குறையுங்களன்" என்று ஊர்த் தமிழில் சொல்வது வேலை செய்கிறது. முறைத்துப் பார்ப்பது வேலை செய்வதில்லை. நகரத்தில் முறைப்பு என்பது ஒரு மொழி. ஊரில் முறைத்தால் "ஏதும் வேணுமோ?" என்று கேட்பார்கள்.

பொதிகள் விஷயத்தில் திருகோணமலையில் ஏறுகிறவர்கள்தான் கவனம் எடுக்கவேண்டும். இங்கிருந்து கொழும்புக்குப் போகிற எந்த வீட்டுப் பையிலும் கருவாடு இருக்கும், இல்லாவிட்டால் மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டி இருக்கும். கொழும்பில் இருக்கும் மகளுக்கு வெறுங்கையோடு போவது இங்கே மரியாதைக் குறைவு. மூடிய ஏசி பஸ்ஸில் கருவாட்டு மணத்தோடு ஐம்பது பேரை ஆறு மணித்தியாலம் இருத்துவதும் மரியாதைக் குறைவுதான். இரண்டையும் சமாளிக்க வழி இருக்கிறது. கருவாட்டை அன்று காலை ஒருதரம் வெயில் காட்டி, பிறகு நிழலில் முழுதாக ஆறவிடவேண்டும். இந்த ஆறவிடுகிற வேலையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். சூட்டோடு பொதி கட்டினால் உள்ளே வியர்த்து ஈரம் பிடிக்கும், பாதி வழியில் மணம் கிளம்பும். ஆறியதைப் பத்திரிகைத் தாளில் மூன்று சுற்று, அதற்கு மேல் பொலித்தீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி இறுக்கி ஒரு முடிச்சு, அதை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து மூடியைச் சுற்றி டேப். இரண்டு மூன்று கிலோவுக்குப் பத்து லீற்றர் வாளி தாராளம். மேல்தட்டில் வைக்கவே கூடாது. கீழ்ப் பொதி அறையில், எஞ்சின் பின்னால் உள்ள பஸ் என்றால் முன்பக்க அறையில் வைக்கச் சொல்லவேண்டும், பின் அறை சூடு பிடிக்கும்.

தயிர்ச் சட்டியோ பொதி அறைக்கு ஆகாது. மண்சட்டி தண்ணீர் கசியும், சரிந்தால் தயிர் உடைந்து தண்ணீர் பிரிந்துவிடும். சட்டியின் வாயைத் தாளால் மூடி நூலால் கட்டி, அளவான கார்ட்போட் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிவர உருட்டிய பத்திரிகைத் தாளைச் செருகி அசையாமல் செய்யவேண்டும். பெட்டிக்கு அடியில் பொலித்தீன் ஒன்று. வைக்கிற இடம் இரண்டு காலுக்கும் நடுவில். முன் சீற்றுக்கு அடியில் தள்ளினால் பிரேக் போடும்போது முன் ஆளின் செருப்பு குளிக்கும். ஒரு சட்டி தயிருக்காகப் பஸ்ஸில் மூண்ட சண்டையில் சமாதானம் பேசுவது கொண்டக்டரின் வேலை இல்லை.

நடுவழிக் கடை. குருநாகலுக்கும் தம்புள்ளைக்கும் இடையில் எங்காவது நிறுத்துவார்கள். "பதினஞ்சு நிமிசம்" என்றால் இருபது என்று வைத்துக்கொள்ளலாம், இருபத்தைந்து இல்லை. இறங்கும்போது செய்யவேண்டியவை: பஸ்ஸின் நம்பர் தட்டைப் பார்த்து மனதில் வைக்கவேண்டும் (ஒரே நிறத்தில் மூன்று நான்கு பஸ் நிற்கும், நித்திரைக் கண்ணில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிவிடுவது நடக்காத காரியம் இல்லை), பக்கத்து ஆளிடம் "நான் ஒருக்கா இறங்கிட்டு வாறன்" என்று சொல்லவேண்டும், முதலில் கழிவறை, பிறகு சாப்பாடு. மறுபக்கமாகச் செய்தால் கழிவறை வரிசையில் நிற்கும்போது ஹோர்ன் அடிப்பார்கள். "போறன்" என்று சொல்லாமல் "வாறன்" என்று சொல்வது எங்கள் வழக்கம். இந்த இடத்தில் அது சொன்னபடியே பொருந்துகிறது.

மேசையில் கேட்காமலே ரோல்ஸ், கட்லட், பற்றீஸ் அடுக்கிய தட்டு வரும். எடுத்ததற்கு மட்டும்தான் காசு. எதை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. தொட்டதைத் தின்னவேண்டும். தின்றதன் தொகையை நீங்களே சொல்லவேண்டும், அதை நம்பித்தான் பில் போடுகிறார்கள். இந்தக் கடைகளின் தேத்தண்ணி சுமார், சோறு ஆறியது, விலை ஊரைவிடக் கூட. வீட்டில் இருந்து பார்சல் கொண்டுவருவதே புத்தி. அப்படிக் கொண்டுவந்தால் அவிழ்க்கும்போது பக்கத்து ஆளிடம் "சாப்பிடுவமோ?" என்று ஒரு வார்த்தை கேட்பது முறை. அவர் "இல்ல, சாப்பிடுங்க" என்பார். ஒருவரும் வாங்கிச் சாப்பிடப் போவதில்லை, கேட்காவிட்டால்தான் குறை. கொழும்புப் பிள்ளைகள் சிலர் இதைக் கேட்டுத் திகைத்து "நோ, தாங்ஸ்" என்று சீற்றின் மறுமுனைக்குப் போவதைக் காணலாம்.

ஏறியதும் கொண்டக்டர் தலை எண்ணவேண்டும். எண்ணுகிற கொண்டக்டர் நல்லவர். அதைவிட நல்லவர் எண்ணிவிட்டு, "பக்கத்தில இருந்த ஆள் எல்லாரும் வந்திட்டாங்களோ?" என்று சத்தமாகக் கேட்பவர். எண்ணிக்கை பிழைக்கலாம், இறங்கியவருக்குப் பதில் புதிதாக ஒருவர் ஏறியிருந்தால் கணக்குச் சரியாகவே வரும். பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் போவது அரிது. ஆனால் அந்தப் பக்கத்து ஆளும் பேசாமலே வந்த ஆள் என்றால், சீற் காலியாகவே கிளம்பிவிடும்.

மிச்சக் காசு பற்றி ஒரு வார்த்தை. சில்லறை இல்லாவிட்டால் கொண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதித் தருவார். அந்தத் துண்டைத் தொலைத்தால் காசு போனது. கேட்கவேண்டிய நேரம் நடுவழிக் கடையில் நின்று கிளம்பிய பிறகு, அவர் கடைசியாக ஏறியவர்களிடம் காசு வாங்கி முடிக்கும்போது; அப்போது கையில் தாள்கள் இருக்கும். இறங்குகிற படியில் நின்று கேட்டால் பின்னால் நிற்கும் பத்துப் பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். "இந்தச் சின்னக் காசுக்குக் கேக்கிறதோ" என்று கூச்சப்படுவது ஊர்ப் பழக்கம், சத்தம் போட்டு வாங்குவது நகரப் பழக்கம். இரண்டும் வேண்டாம், துண்டை நீட்டி "தம்பி, இத மறந்திடாதீங்க" என்றால் தருகிறார்கள். டிக்கெட்டே தராவிட்டால் கேட்டு வாங்கவேண்டும். பஸ் இலக்கம், திகதி, ஏறிய நேரம் மூன்றும் கையில் இருந்தால்தான் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்கு அழைத்துச் சொல்வதில் பயன் உண்டு.

ஹபரணை தாண்டியதும் பஸ்ஸுக்குள் சத்தம் மாறும். கொழும்பில் ஒற்றைச் சொல் பேசிய அதே கொண்டக்டர் இப்போது வசனம் பேசுவார். "அக்கா, முள்ளிப்பொத்தானையில பள்ளிவாசலடியோ, சந்தியோ?" காரணம் எளிது. புறக்கோட்டையில் ஏறிய ஆளை அவர் இனிக் காணப்போவதில்லை என்று நினைக்கலாம். முள்ளிப்பொத்தானையில் இறங்குகிற ஆளை அடுத்த கிழமையும் காண்பார், அவரின் தம்பியையும் காண்பார். கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு இன்னும் சுமார் 40 கிலோமீற்றர். அந்த 40இல் இந்தச் சேவைக்கு முழுப் புள்ளியும் கொடுக்கலாம். விடியற்காலை இருட்டில் தனியாக இறங்குகிற பெண் என்றால், கூட்டிப்போக ஆள் வந்ததைக் கண்ட பிறகே பஸ்ஸை எடுக்கவிடுகிற கொண்டக்டர்கள் உண்டு. பஸ்ஸில் இருப்பவர்களும் அந்த இரண்டு நிமிடத்துக்கு முணுமுணுக்கமாட்டார்கள். இதே இரண்டு நிமிடத்தைக் கொழும்புக்குப் பக்கத்துக் கிரிபத்கொடையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பகுதியில் பிழைப்பது நகரத்துப் பழக்கத்தோடு இறங்க நினைப்பவர்களுக்குத்தான். கொழும்பில் மணியை அமுக்கினால் அடுத்த ஹோல்டில் வேகம் குறையும், குதிக்கவேண்டும். இங்கே ஏசி பஸ்களில் மணி இருக்காது, இருந்தாலும் அடிக்காது, ஹோல்ட் என்று பலகையும் எல்லா இடத்திலும் இல்லை. கந்தளாய் வரும்போதே எழும்பிப் போய்க் கொண்டக்டரிடம் இடத்தைச் சொல்லவேண்டும். அடையாளமாகக் கோவிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லவேண்டும், வீட்டு இலக்கம் உதவாது. ஒரு கிலோமீற்றருக்கு முன் பொதியைக் கையில் எடுக்கவேண்டும். பிறகு கூச்சப்படாமல் "இறக்கம்!" என்று குரல் கொடுக்கவேண்டும். மெதுவாகச் சொல்வது நாகரிகம் என்று நினைத்து வாய்க்குள் சொன்னால், கப்பல்துறையில் இறங்கவேண்டியவர்கள் அதைத் தாண்டிப் போய் இறங்கி நிற்பார்கள். சிங்களக் கொண்டக்டர் என்றால் "பஹினவா". ஒன்று மட்டும் கேட்கவேண்டாம்: ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டுப் பக்கமாக ஒருதரம் நிறுத்துங்கள் என்று. யானை ரோட்டில் ஏறுகிற இடம், டிரைவர் மறுத்தால் அது மரியாதைக் குறைவில்லை.

லைட் விஷயத்தில்தான் புள்ளி போகிறது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் பஸ் முழுக்க வெளிச்சம் போட்டு, படம் முடிந்த தியேட்டர் மாதிரி ஆக்குகிறார்கள். போன் டோர்ச்சை நிலத்தைப் பார்த்துப் பிடித்து ஆளைப் படி வரை கொண்டுபோய் விடுகிற கொண்டக்டர்களும் இந்தப் பாதையில் இருக்கிறார்கள். செலவில்லாத வேலை, எல்லோரும் பழகலாம்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கும்போது பெரும்பாலும் விடிந்திருக்காது. புள்ளிமான்கள் நிலையத்தடியில் நடமாடும். பிஸ்கட் நீட்டவேண்டாம், உறையோடு சேர்த்துத் தின்றுவிடும். தேத்தண்ணிக் கடையில் வரிசை தேடவேண்டாம், இங்கே வரிசை கடைக்காரரின் கண்ணில் இருக்கிறது. யார் முதலில் வந்தார் என்று அவருக்குத் தெரியும், நடுவில் ஒரு வயதானவர் வந்தால் அவருக்கு முதலில் போகும். வாங்கிக் குடித்துவிட்டு "நன்றி" என்றால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். கிளாஸை மேசை விளிம்பில் விடாமல் தட்டடியில் கொண்டுபோய் வைத்து, "வாறன் அண்ணை" என்றால் தலையாட்டுவார்.

ஆட்டோவுக்குச் செயலி இருக்கிறதா என்று போனைத் தடவிக்கொண்டு நிற்கிறவர்களைச் சுற்றி நாலு ஆட்டோ வந்துவிடும். ஏறுமுன் விலை கேட்பது இங்கே முகம் சுழிக்கிற விஷயம் இல்லை. இறங்கிய பிறகு பேரம் பேசுவதுதான் சண்டை. போனில் வரைபடத்தைக் காட்டினால் ஒழுங்கையின் பின்பக்க மதிலடியில் கொண்டுபோய் விடும். எந்தக் கோவிலடி, எந்த வீதி, யாருடைய வீட்டுக்குப் பக்கம் என்று சொன்னால் அவருக்குப் பிடிபடும். "ஆ, அந்த மாஸ்டர் வீட்டு ஒழுங்கையோ" என்று அவர் கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டு ஏறலாம், அடுத்த கேள்வி கொழும்பில் என்ன வேலை என்பதாக இருக்கும்.